ஒற்றைக் காதுக்காரர்

தார்ச்சாலையில் மண்டியிட்டு, இரும்புக் கம்பியின் ஒரு நுனியைத் தரையிலும் மறு நுனியை வலது காதடியிலும் ஊன்றியபடி, "மூச்சு விடாதீங்கடா, தண்ணி பேசுது" என்று ஆட்களை அதட்டுகிறார். பிறகு குதிகாலால் ஒரு கோடு. "இங்க வெட்டு." கோடு தப்பியதே இல்லை என்பது அவர் கணக்கு. இரண்டு முறை தப்பியிருக்கிறது. அது கம்பியின் குற்றமாம்.

மண்ணுக்கடியில் எந்தக் குழாய் கசிந்தாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்தவர். இன்று பதினாறு பேருக்குக் கூலி கொடுக்கிறார். "எஞ்சினியரு மிஷின் வச்சு மூணு நாள் தேடினான். நான் டீ ஆறதுக்குள்ள காட்டினேன்." இடது காது, ஆறு வயதில் வந்த தட்டம்மையோடு போனது. சீழ் வடிந்து வற்றியபோது கேட்கும் சக்தியும் சேர்ந்து வற்றிவிட்டது. அதிலும் பெருமைதான்: "ரெண்டும் கேட்டிருந்தா நாலு பேர் பேச்சைக் கேட்டு நாசமாப் போயிருப்பேன்."

ஐந்து வயதுப் பேத்திக்குத் தட்டம்மை தணிந்த கையோடு மறுபடி காய்ச்சல். இடது காதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வலி தானாக நின்றது. விடிந்து பார்த்தால் தலையணையில் மஞ்சள் ஈரம். அவர் தலையணையைத் திருப்பிப் போட்டார். அழுக்கு வெளியே போனால் நல்லதுதானே! மூன்று நாள், யாரும் பார்க்குமுன் தன் துண்டாலேயே துடைத்துவிட்டார். நான்காம் நாள் காலை மருமகள் கண்டுவிட்டாள்.

"மாமா, டாக்டர்கிட்ட போயிடலாம்."

"எனக்கு எந்த டாக்டர் பார்த்தான்? குறைஞ்சா போயிட்டேன்?"

"பின்ன? சத்தம் எந்தப் பக்கம்னு தெரியாம, போன் அடிச்சா வாசக்கதவைத் திறக்கிறது யாரு?"

அவர் சிரித்தார். வாதத்தை முடித்துவைக்கிற தோரணையில், குழந்தையின் இடப்பக்கம் நின்று "தங்கம்" என்று மெதுவாகக் கூப்பிட்டார். பதில் இல்லை. குரலை உயர்த்தினார். அவள் முகவாய் தோளில் இடிக்கக் கழுத்தை முழுக்கத் திருப்பி, வலது காதை முன்னே கொண்டுவந்து, "என்ன தாத்தா?" என்றாள்.

ஐம்பத்தெட்டு வருஷமாக அவர் திருப்பும் கழுத்து அது. செருப்பைத் தேடினார்.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "செவிப்பறை கிழிஞ்சிருக்கு. மருந்துலயே ஆறலாம். எத்தனை நாளா வடியுது? சரியாச் சொல்லுங்க, அதை வச்சுத்தான் மருந்து."

"இன்னிக்குக் காலையிலேர்ந்துதான்" என்றாள் மருமகள்.

அவர் தொண்டையைச் செருமினார். மருமகள் பக்கம் திரும்பாமல், மேஜைமேல் ஐந்து விரலையும் விரித்து வைத்து, கட்டைவிரலை மட்டும் மடக்கினார்.