ஆற்றில் விட்ட சேலை

என் வீட்டுக்காரர் போன பதினாறாம் நாள், பாபநாசத்துப் படித்துறையில் மூன்று உருப்படித் துணியை ஆற்றில் விட்டோம். அவர் கடைசியாக உடுத்தியிருந்த வேட்டி, மகன் காரியம் செய்யும்போது கட்டியிருந்த வேட்டி, என் மஞ்சள் சேலை. முங்கி எழுந்து, ஈரத்துணியைத் தண்ணீரோடு விட்டுவிட்டு, மாற்றுத்துணி உடுத்தித் திரும்பிப் பார்க்காமல் படியேற வேண்டும். செத்தவரைப் பிடித்த பாவமெல்லாம் துணியோடு போய்விடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்" என்று வாய்க்கு வாய் சொல்லிக் கணக்குப் பாடம் நடத்திய டீச்சர் நான். அன்றைக்கு அளக்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. விடச் சொன்னார்கள், விட்டேன்.

அதற்குப் பிறகு டவுண் வீட்டில் எனக்குக் கால் தரிக்கவில்லை. நாலு ரதவீதியையும் சுற்றிவிட்டு வருவேன். வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் மறுபடி செருப்பைத் தேடுவேன். துக்கம் கேட்க வந்தவர்கள் "மனச ஒருநிலைப்படுத்துங்க" என்றால் பற்றிக்கொண்டு வரும். எப்படி ஒருநிலைப்படுத்துவது என்று ஒருத்தராவது சொன்னார்களா என்றால், அதுதான் இல்லை. காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பாபநாசம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அவர் உயிரோடு இருந்தவரை ஞாயிறு தவறாமல் அந்த பஸ்ஸில்தான் போவார். படித்துறைக்குக் கீழே கொஞ்ச தூரம் நடந்தால் ஆற்றை ஒட்டி ஒரு பாறை. அதில் உட்கார்ந்து நீர்நாய் பார்ப்பார். அவ்வளவுதான் வேலை. ஒரே ஒரு தடவை கூடப் போய்ச் சண்டை போட்டேன். "நாலு நாயப் பாக்கதுக்கு இம்புட்டுத் தூரமா? வீட்டுல நான் ஒருத்தி இருக்கது கண்ணுக்குத் தெரியலையா?" என்று கேட்டேன். "அதுக நம்மகிட்ட ஒண்ணும் கேக்காதுல்லா" என்றார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. எனக்கு அந்த நாய்கள் மேல் பொறாமை. இப்போது சொல்வதில் என்ன வெட்கம்?

அந்தப் பாறையில் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. எழுந்து போய்விடலாம் என்று நினைக்கும்போது தண்ணீர் அசைந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து தலைகள். ஒன்று மீனைக் கையில் பிடித்துத் தலையிலிருந்து கறுக் கறுக்கென்று தின்றது, முறுக்குத் தின்கிற மாதிரி. இரண்டு குட்டிகள் மணலில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து புரண்டன. நான் அங்கே இருப்பதை அவை கண்டுகொள்ளவே இல்லை. அத்தனை நாளில் முதல்முறையாக, அவர் செத்துப்போனதை நான் கொஞ்ச நேரம் மறந்திருந்தேன்.

கடைசியாக ஒன்று கரையேறியது. கழுத்தையும் ஒரு முன்னங்காலையும் சேர்த்து ஒரு துணி சுற்றியிருந்தது. நூல் நூலாகப் பிரிந்து, அழுக்கேறி, ஆனாலும் மஞ்சள் என்று தெரிந்தது. அது பல்லால் இழுத்தது, உதறியது, மணலில் தேய்த்தது. நொண்டிக்கொண்டே திரும்பத் தண்ணீரில் இறங்கியது. நானும் பின்னாலேயே இறங்கிவிட்டேன். இடுப்பு வரை போன பிறகுதான் எனக்கு நீச்சல் தெரியாது என்பது ஞாபகம் வந்தது.

கூப்பாடு போட்டு என்னைக் கரைக்கு வரவழைத்தவர் அந்தப் பக்கத்து வன வாட்சர். என் வீட்டுக்காரரைத் தெரியுமாம். ஆற்றைக் காட்டினார். பாறை இடுக்கு, நாணல், மரவேர் எல்லாவற்றிலும் துணி. வேட்டி, சேலை, சட்டை, பிள்ளைகள் பாவாடை. நான் அதுவரை பார்க்கவே இல்லையே!

"அது என் சேலையா இருக்குமோ?" என்றேன்.

"ஒங்க சேலையா இருந்தா என்ன, அடுத்தவுக சேலையா இருந்தா என்ன டீச்சர்? அதுக்கு எல்லாம் ஒண்ணுதான" என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் போனேன். ஒரு துரட்டியை வைத்துக்கொண்டு கைக்கு எட்டிய துணியை இழுத்துக் கரையில் போட்டேன். படித்துறையில் குளிக்க வந்த ஒரு அம்மாள் "அடுத்தவுக பாவத்த ஏன் கையால தொடுதீய? ஒட்டிக்கிடும்" என்றாள். "எங்கிட்ட ஏற்கெனவே மூட்டையா இருக்கு, இதுவும் கூடக் கிடக்கட்டும்" என்றேன். வாய் அப்படித்தான் பேசியது. ராத்திரி படுத்தால் பயமாக இருந்தது. அந்த மஞ்சள் துணிக்காரனை அப்புறம் ஒரே ஒரு முறை பார்த்தேன், கூட்டத்துக்கு ரொம்பப் பின்னால். பிறகு கூட்டம் வந்தது, அது வரவில்லை. அறுத்துக்கொண்டு போனதா, செத்துப்போனதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வருஷம் திரும்பி, தலைத் திவசம் வந்தது. சென்னையிலிருந்து மகன் வந்தான். என் வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி, எல்லாவற்றையும் முன்னால் நின்று நடத்தினார். அதே படித்துறை. பிண்டத்தைக் கரைத்துவிட்டு மகன் மூன்று முறை முங்கினான். துண்டைச் சுற்றிக்கொண்டு வேட்டியை அவிழ்த்தான்.

"விட்டுட்டு ஏறுலே, திரும்பிப் பாக்காத" என்றார் மதினி மேலிருந்து.

வேட்டி விரிந்து மிதந்தது. நான் ஒரு படி இறங்கி அதன் நுனியைப் பிடித்துவிட்டேன். மந்திரம் சொன்ன ஐயர் "அம்மா, அதைத் தொடப்படாது" என்றார். நான் இழுத்துப் பிழிந்தேன்.

மதினி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். "எந் தம்பி கரையேற வேண்டாமா? அலையட்டும்னு சொல்லுதியா?" என்று கேட்டார்.

நான் ஒன்றும் பெரிய துணிச்சல்காரி இல்லை. அதே கேள்வியை அந்த வருஷம் முழுக்க எனக்கு நானே கேட்டிருக்கிறேன். இது எல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லிவிட எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் பாதி மனசு நம்புகிறது.

"அது எனக்குத் தெரியல மதினி" என்றேன். "அந்த வாயில்லாச் சீவன் கழுத்துல துணி கிடந்தது மட்டும் தெரியும். நான் கண்ணால பாத்தேன்."

அவர் மற்றவர்களோடு காரில் ஏறிப் போய்விட்டார்.

நானும் மகனும் பஸ்ஸில் வந்தோம். வேட்டியை ஒரு பையில் திணித்து என் காலடியில் வைத்திருந்தேன். முக்கூடல் தாண்டும்வரை அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து அந்தப் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். பேண்ட் நனைந்தது.

"அம்மா, அப்பாவுக்கு ஒண்ணும் ஆயிடாதுல்லா?"

"தெரியலலே. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

டவுண் வரும்வரை அவன் அந்தப் பையைக் கீழே வைக்கவில்லை.