பத்தாவது குரல்

அபூர்வ நோய்னு கவர்மெண்ட்காரங்களே பேர் வெச்சிட்டு, சங்கத்துல பத்து நோயாளியாவது இருந்தாத்தான் உதவித்தொகைன்னு அவங்களே கேக்கறாங்க. இதுக்கு இன்னா சொல்றது? எங்க தங்கச் சுரங்க ஊரு கே.ஜி.எஃப். முழுக்க அலைஞ்சி, என் பொண்ணோட சேத்துப் பத்துப் பேரைப் புடிச்சேன். எல்லாருக்கும் ஒரே நோவு. நடை தள்ளாடும், தலை ஆடிக்கினே இருக்கும், பேச்சு இழுத்து இழுத்து ஒரு நாள் நின்னுடும். பணம் வந்தா வாரம் ஒருவாட்டி வேன் வெச்சி எல்லாரையும் பெங்களூருக்கு நடை, பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போகலாம். எனக்கு வேற ஆசை ஒண்ணும் இல்ல.

விண்ணப்பம் அனுப்பின மூணாவது வாரம், எங்க பத்துப் பேர்ல ஒருத்தி, இங்க பாலகாட் மைன்ஸ் பக்கத்துப் பொண்ணு, செத்துப் போச்சி. இருபத்திரெண்டு வயசு. என் பொண்ணுக்கு உயிர்த் தோழி. நான் லிஸ்ட்ல அவ பேரை அடிக்கல. எங்க அப்பா மைன்ஸ் டைம் ஆபீஸ்ல பேர் எழுதினவரு. ஷிஃப்ட்டுக்குக் கீழ போனவன் மேல வர்ற வரைக்கும் அவன் பேரை அடிக்க மாட்டாரு. பாறை விழுந்து உள்ளயே இருந்துட்டவன் பேர்கூட அப்பிடியே இருக்கும். அந்தப் பழக்கம்தான்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். பொய். எனக்கு வேன் வேணும், அவ்ளோதான்.

சரிபாக்கறதுக்கு ஆபீஸர் அம்மா போன்ல வந்தாங்க. எங்க ஊர்லயே மைசூர் மைன்ஸ்ங்கற ஏரியாவுல மூடிக் கெடக்கற பழைய ஸ்கூல் ரூம்ல எல்லாரும் சுத்தி உக்காந்திருந்தோம். மொட்டை மத்தியானம். வெளிய தங்கம் பிரிச்சிட்டுக் கொட்டின சயனைடு மண்ணு மேடு, காத்துகூட அசையல. சிக்னல் இல்லாம வீடியோ நிக்கல, ஸ்பீக்கர் மட்டும் போட்டேன். அவங்க பேர் படிச்சா இவங்க 'இருக்கேன்'னு சொல்லணும். பேச முடியாதவங்களுக்கு வீட்டாளுங்க சொல்லலாம். செத்தவ பேர் வந்தா 'உடம்பு சரியில்ல, வரல'ன்னு சொல்லிடலாம்னு மனசுக்குள்ள ஒத்திகை பாத்து வெச்சிருந்தேன்.

ஏழாவதா அவ பேர். நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள ரூமுக்குள்ள இருந்து ஒரு குரல்.

"இ... ருக்... கேன்."

இந்த நோவு வந்தா எல்லார் குரலும் ஒண்ணுபோல ஆயிடும், யாருன்னு சொல்லவே முடியாது. ஆபீஸர் அடுத்த பேருக்குப் போயிட்டாங்க. அது என் பொண்ணு பேர். ஆறு மாசமா அவகிட்டருந்து ஒரு வார்த்தை வெளிய வரல. "இருக்கா மேடம்"னு நான்தான் சொன்னேன்.

போனை வெச்சதும், "யாருப்பா பேசினது? சத்தியமா திட்ட மாட்டேன்"னு கேட்டேன். ஒருத்தரும் ஒத்துக்கல. "நீயாடி?"ன்னு என் பொண்ணைக் கேட்டேன். தலை ஆடிச்சி. அது எப்பவும் ஆடற தலை. ஆமாவா இல்லையான்னு பெத்தவ எனக்கே தெரியல.

ரெண்டு நாள் சோறு எறங்கல. மூணாம் நாள் ஆபீஸருக்குப் போன் போட்டு உண்மையைக் கொட்டிட்டேன். "பத்துக் குரல் கேட்டேனேம்மா, ரெக்கார்டிங் இருக்கே"ன்னாங்க. அப்புறம், ஒன்பது பேர்னா ரூல் எடம் கொடுக்காது, இன்னொரு நோயாளி கெடைச்சா அடுத்த வருஷம் பாக்கலாம்னாங்க. எனக்கு வந்துச்சே கோவம்! "யார் வீட்டுப் புள்ளைக்கு வரணும்னு மேடம் நான் வேண்டிக்கறது?"ன்னு கேட்டுட்டேன். பாவம், அவங்க இன்னா பண்ணுவாங்க. அந்த ரெக்கார்டிங்கையாவது குடுங்கன்னு கெஞ்சினேன். அனுப்பிட்டாங்க.

அதை எடுத்துக்கினு பாலகாட்டுக்கு, செத்துப்போன பொண்ணோட அம்மாகிட்டப் போனேன். ரெண்டு பேரும் கட்டில்ல ஒட்டி உக்காந்து போட்டோம். ஏழாவது பேர் வந்துச்சி. குரல் வந்துச்சி.

"என் பொண்ணுதான்க்கா"ன்னு அவங்க என் கையைப் புடிச்சிக்கினு அழுதாங்க. "இன்னொரு வாட்டி போடுங்க."

எனக்கு அது என் பொண்ணு குரலாத்தான் கேட்டுச்சி. ஆறு மாசமா நான் ஏங்கிக் கெடந்த குரல். இன்னொரு வாட்டி போட்டேன்.