செலவு வைக்கத் தெரிந்த மகள்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அந்தக் கோடையில் என் கையில் இரண்டு இன்ஜினியரிங் சீட்டுகள் இருந்தன. ஒன்று தமிழ்நாட்டில், தனியார் பல்கலைக்கழகம். கண்ணாடிக் கட்டடம், ஏசி ஹாஸ்டல். விளம்பரத்தில் எல்லோரும் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டு நடப்பார்கள். இன்னொன்று கொல்கத்தாவிலேயே, அரசுப் பல்கலைக்கழகம். பெஹாலாவில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்து ஒரே பஸ். அங்கே ஒரு வருடக் கட்டணம், கண்ணாடிக் கட்டடத்தின் ஒரு மாதச் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது.

துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா அசல் திருநெல்வேலிக்காரர். காசு கூடினால் தரமும் கூடும் என்பதுதான் அவர் கணக்கு. பி.எஃப். லோனுக்கு எழுதிப்போட்டுப் பணத்தையும் வாங்கி வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, "நான் இங்கேயே சேர்ந்துக்கறேம்பா" என்றேன். பாதித் தோசையில் எழுந்துவிட்டார்.

"ஏட்டி, அப்பனுக்கு வக்கு இல்லன்னு நெனைக்கியா? எம்மேல பாவம் பாக்கியா நீ?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆசைப்பட்டுக் கேட்டதைத் தியாகம் ஆக்கிவிட்டாரே இந்த மனுஷன்!

உண்மையில் எனக்கு அந்த இடத்தின்மேல் பைத்தியமே பிடித்திருந்தது. முந்தைய வாரம் சான்றிதழ் சரிபார்க்கப் போயிருந்தேன். சுவரெல்லாம் பெயிண்ட் உரிந்து கிடந்தது. ஆனால் தாழ்வாரத்தில் மூன்றாம் வருட அக்கா ஒருத்தி, தானே செய்த குட்டி வண்டி ஒன்றைத் தரையில் ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். நான் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்து ரிமோட்டை என் கையில் திணித்து, "சாலா, சாலா!" என்றாள் பெங்காலியில். ஓட்டு, ஓட்டு! ஓட்டினேன். நேரே தூணில் மோதிச் சக்கரம் கழன்றது. உயிரே போய்விட்டது எனக்கு. அவளோ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரை நீட்டி, நீயே மாட்டு என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரம் நானும் தரையில்தான். வீடு திரும்பும் பஸ்ஸில் என் கை முழுக்க கிரீஸ், கழுவவே மனசு வரவில்லை.

இதையெல்லாம் அப்பாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். "சும்மா எனக்காகச் சொல்லுத" என்று முடித்துவிட்டார். அதற்கப்புறம் நான் எதைப் புகழ்ந்தாலும் அவர் காதில் அவருடைய சம்பளம்தான் விழுந்தது. ஒரு வாரம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் தனியாருக்கு முதல் தவணை கட்ட வேண்டும். கட்டிவிட்டால் என் தாழ்வாரம் போச்சு.

சனிக்கிழமை காலை அவர் சட்டை மாட்டிக்கொண்டு பேங்குக்குக் கிளம்பினார். வாசலில் மறித்தேன்.

"பாவம் பாக்கறேன்னுதானே சொல்றீங்க? சரி, இங்க படிக்கறதுக்கு எனக்கு லேப்டாப் வாங்கிக் குடுங்க. இன்னைக்கே!"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். செருப்பை மாட்டினார். இருவரும் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் நடுத்தர விலையில் ஒன்றை எடுத்து வைத்தார். எனக்கு அதுவே தாராளம். விலைச் சீட்டைப் பார்த்ததும் "இதுவே போதும்பா" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. திரும்பினால், அப்பா லேப்டாப்பைப் பார்க்கவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் நேராகப் பேங்குக்குத்தான் போவார் என்று புரிந்தது.

கடைக்காரரிடம் பெங்காலியில் கேட்டேன்: "இதைவிட நல்லது இல்லையா, அண்ணா?"

அப்பா கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "கேட்டாளே! எடுய்யா, அந்த மேல் தட்டுல இருக்கத எடு!" பாவம், கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் எடுத்தார்.

பில் போடும்போது அப்பாவின் போன் அடித்தது. தனியார் பல்கலைக்கழகத்துப் பையன், தவணையை நினைவுபடுத்த.

"இல்ல தம்பி, அங்க சேரல" என்றார் அப்பா. "எம்பொண்ணு இஷ்டப்பட்டு வேற எடம் எடுத்துட்டா."