தொப்பி இல்லாத ஆள்

உத்திரமேரூரில் ஒரு காலத்தில் கேமரா கிளப் இருந்தது என்றால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். மொத்தம் மூன்று பேர். ஆஸ்பத்திரி கம்பவுண்டர், ஹைஸ்கூல் டிராயிங் மாஸ்டர், எலிமெண்டரி ஸ்கூல் வாத்தியாரான நான். கம்பவுண்டரிடம் ஒரு பெட்டி கேமரா, மாஸ்டரிடம் ஒரு மடக்குக் கேமரா. என்னிடம் கேமரா கிடையாது, அபிப்பிராயங்கள் மட்டும் நிறைய உண்டு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மருந்துப் பெட்டிகள் வைக்கும் அறையில், பல்புக்குச் சிவப்புக் காகிதம் சுற்றிப் படம் கழுவுவோம்.

பட்டணத்துக்குப் போய்ப் பழைய ராணுவச் சாமான்கள் வைத்திருக்கும் மியூசியத்தையும், பழைய ரயில் இன்ஜின்களையும் படமெடுப்பது என்று முடிவானபோது, அந்த ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைக்கும் அம்மாள் கம்பவுண்டரிடம் வந்து நின்றாள். காவாந்தண்டலத்துக்காரி. யுத்த காலத்தில் அவள் புருஷன் பட்டாளத்தில் சேர்ந்து ரயிலேறினான். பர்மாவிலிருந்து ஒரு கடுதாசி வந்தது, அதோடு சரி. செத்தான் என்றும் தகவல் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை. அவன் போகும்போது கைக்குழந்தையாக இருந்த பெண்ணுக்கு இப்போது கல்யாணம் கூடிவந்திருந்தது. "அப்பன் இருக்கானா இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்று மாப்பிள்ளை வீட்டார் நெருக்கினார்கள். வைக்கோலில் உருவம் செய்து கொளுத்திக் கருமாதியை முடித்துவிடலாம் என்றார் அவள் மைத்துனர். பிணத்தைக் கண்ணால் பார்க்காமல் தாலியைக் கழற்றமாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக இருந்தாள். கல்யாணம் அந்தரத்தில் தொங்கியது.

"பட்டாளத்துக்காரங்க படமெல்லாம் அங்க மாட்டி கீதாமே. எங்கூட்டுக்காரரு மூஞ்சி இருந்தா புடிச்சாந்து காட்டுங்க ஐயா" என்றாள்.

"எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன்.

"பொறங்கையில கன்னத்த முட்டுக் குடுத்துக்கினுதான் எப்பவும் குந்தினு இருப்பாரு. அது போதாதா?"

பட்டாளத்து குரூப் போட்டோவில் எவன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்காருவான்? எனக்கு எரிச்சலாக வந்தது. கம்பவுண்டர்தான் இளகிய மனசு, சரி என்றுவிட்டார்.

செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து ரயில். மியூசியத்தில் எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை. நீளமான கூடம். இரண்டு பக்கமும் மரச் சட்டங்களுக்கு ராணுவ உடுப்புகளை மாட்டி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பொத்தான்கள் மின்னின, கைகள் தொங்கின, கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. அவற்றின் நடுவே நடக்கும்போது நான் என்னையறியாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனேன், யாருக்கோ வழிவிடுவதைப்போல. மாஸ்டர் கிசுகிசுவென்றுதான் பேசினார். அங்கே கத்தக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

கடைசிச் சுவரில் ஒரு பெரிய குரூப் போட்டோ. யுத்தத்துக்குப் போன நம் பக்கத்துப் பையன்கள் என்று கீழே எழுதியிருந்தது. வெளிச்சம் போதாமல் இருவரும் கேமராவை ஸ்டூலில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை எடுத்தார்கள். கன்னத்தில் கை வைத்தவன் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ரயில்வே மியூசியம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டது, ஊருக்கு வெளியே இருந்த ஒரு யார்டு. ஓய்ந்துபோன இன்ஜின்கள் சிலவற்றுக்குப் பெயிண்ட் அடித்துப் பார்வைக்கு நிறுத்தியிருந்தார்கள். அவற்றுக்குப் பின்னால், யாருக்கும் வேண்டாத ரயில் பெட்டிகள் வரிசையாக நின்றன. சக்கரம் மூடும் அளவுக்குப் புல். கதவுகளில் குறுக்குப் பலகை அடித்திருந்தது. உச்சி வெயில், காக்கைச் சத்தம்கூட இல்லை. கம்பவுண்டர் அந்தப் பெட்டிகளைத்தான் முதலில் எடுத்தார். அவர் விசையைத் தட்டிய மறுநொடி உள்ளேயிருந்து தகரக் குவளை உருண்டதுபோல ஒரு சத்தம் கேட்டது.

"பெருச்சாளி" என்றார் கம்பவுண்டர்.

நான் சிரித்தேன். மற்ற இருவரும் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டேன். பலகை அடித்த பெட்டிக்குள் ஜன்னல் வழியே எட்டிப்பார்க்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அதை ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

ஊருக்கு வந்து படம் கழுவினோம். கம்பவுண்டருடைய படம் ஒன்று தட்டில் மெல்ல மெல்ல எழும்பி வந்தது. முதலில் ரயில் பெட்டி தெரிந்தது. பிறகு அதன் கூரையிலும் பலகைகளிலும் புல்லிலும் ஒவ்வொன்றாக முகங்கள் தோன்றின. சிவப்பு வெளிச்சத்தில் அவை எங்களைப் பார்த்தன. நான் கதவுப் பக்கம் நகர்ந்துவிட்டேன்.

மாஸ்டர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். மியூசியத்தில் குரூப் போட்டோவை எடுத்துவிட்டு, பிலிமைச் சுற்ற மறந்து, அதன்மேலேயே ரயில் பெட்டியையும் எடுத்திருக்கிறார் கம்பவுண்டர். பத்து வயதுப் பையன்கூட இந்தத் தப்பைச் செய்யமாட்டான் என்று நான் அவரை ஒரு பிடி பிடித்தேன். பயந்தது வெளியே தெரியாமலிருக்க வேறு வழியில்லை.

மறுநாள் அந்த அம்மாளைக் கூப்பிட்டு, மாஸ்டர் எடுத்த குரூப் போட்டோவைக் கொடுத்தோம். அதில் முகமெல்லாம் தெளிவாக இருந்தது. ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"இதுல இல்லீங்க."

கெட்டுப்போன படம் மேஜையோரம் கிடந்தது. போகிற போக்கில் அதைப் பார்த்தவள் நின்றாள். கையில் எடுத்தாள்.

"இதோ கீறாரே."

அவள் விரல் ஒரு ஜன்னல்மேல் இருந்தது. ஜன்னலுக்குள் ஒரு ஆள், புறங்கையைக் கன்னத்துக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தான்.

"அதுவும் அந்த குரூப் போட்டோவில இருக்கிற ஆள்தாம்மா. ரெண்டு படம் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்துடுச்சி" என்று நான் விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். மாஸ்டர் பூதக்கண்ணாடியை எடுத்து இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை என்னிடம் நீட்டினார். குரூப் போட்டோவில் எல்லார் தலையிலும் தொப்பி இருந்தது. ஜன்னலில் இருந்தவன் தலையில் தொப்பி இல்லை. நரைத்த முடி தெரிந்தது.

கம்பவுண்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெட்டியில் ஒரு ஆள் இருந்திருக்கிறான், அல்லது இருந்தது ஆளே இல்லை. இரண்டில் எதை நினைப்பதென்று தெரியவில்லை.

அவள் மட்டும் பதறவில்லை. "அங்க நீங்க மூணு பேரும் பேசிக்கினு இருந்தீங்களா ஐயா?" என்று கேட்டாள்.

"பேசாம எப்படிம்மா?"

"இன்னா பேசினீங்க?"

யோசித்துப் பார்த்தேன். உத்திரமேரூர் பஸ் போய்விடும், சீக்கிரம் எடுங்கள் என்று நான்தான் கம்பவுண்டரை விரட்டிக்கொண்டிருந்தேன். பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று, ஊர்ப் பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்தியிருந்தேன். அதைச் சொன்னேன்.

"அப்ப அவருக்குக் கேட்டிருக்கும். கேட்டும் எறங்கி வரல" என்றாள். படத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை யார்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வரலாம் என்று கம்பவுண்டர் அவளிடம் இரண்டு தடவை சொன்னார். வேண்டாம் என்றாள். உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் அந்தப் பெட்டிக்குள் யாரும் இல்லாமல் போனாலும் எனக்குப் பயம், யாராவது இருந்தாலும் பயம்.

அடுத்த அமாவாசைக்கு ஏரிக்கரையில் காரியம் வைத்தார்கள். நாங்களும் போயிருந்தோம். வைக்கோல் உருவம் எரிந்து முடிந்ததும் பெண்கள் அழுதுகொண்டே அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் அழவில்லை. கம்பவுண்டருக்கு மனசு கேட்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் போனார்.

"அவசரப்படாதம்மா. ஒருவேள ஆள் உயிரோட இருந்தா இன்னா பண்ணுவ?"

"செத்துட்டாருன்னு இத்தினி வருசமா ஊரே சொல்லிச்சி. அப்பல்லாம் நான் கழட்டல" என்றாள் அவள். "உயிரோடதாங்க கீறாரு. அதனாலதான் அறுக்கறேன்."

யாரையும் தொடவிடாமல் தானே தாலிக் கயிற்றை அறுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.