வக்கீலின் தொலைநோக்கித் துப்பாக்கி

ரங்கூனுக்கு வந்த புதிதில், என்னைப் பார்த்தவர்களெல்லாம் மான்கறி சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார்கள். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டேன். க்யிம்யிண்டைங்கில் படகுத்துறைக்குப் போகும் சந்தில், ஒரு மரவீட்டின் மாடியில் எனக்கு அறை. கீழ்வீட்டு அம்மாள் டோ ம்யா, நான் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் வாசலில் மீன் காயவைத்தபடி, "தமின் சா பீ பீ லா?" என்பார். நான் வேலை பார்த்தது வேட்டைச் சாமான் விற்கும் கடையில். அங்கே முதலில் கற்றுக்கொண்ட பர்மியச் சொல்லே தமின்தான். வில்போல் வளைந்த கொம்புள்ள மான். சா என்றால் சாப்பிடுவது. எனக்கு மான்கறி ஒத்துக்கொள்ளாது. ஆகவே, "மா சா பூ, சாப்பிடுவதில்லை," என்று பணிவாகச் சொல்லிவிட்டு மாடியேறுவேன். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் ஒரு தட்டுச் சோறும் மீன்குழம்பும் மேலே கொடுத்தனுப்புவார். இந்த ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு தாராள மனசு என்று ஒரு மாதம் வியந்தபடி சாப்பிட்டேன். பிறகுதான் கடையில் ஒருவர் விளக்கினார். சோறும் தமின்தான், மானும் தமின்தான். குரலை ஏற்றுவதிலும் இறக்குவதிலும் இருக்கிறது வித்தியாசம். "சாப்பிட்டாயிற்றா" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டவரிடம், "நான் சோறே தின்பதில்லை" என்று நாள்தோறும் சொல்லியிருக்கிறேன். ஊரில் இதைப் படிப்பவர்கள் சிரிக்கலாம். இங்கே இருப்பவர்கள் சிரிக்கமாட்டார்கள். அவரவருக்கு இப்படி ஒரு கதை இருக்கும்.

கடை கியாக்டடாவில், சூலே பகோடாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. முதலாளி சூரத்துக்காரர். துப்பாக்கி, தோட்டா, முழங்கால்வரை வரும் பூட்ஸ், மடக்கு நாற்காலி, கொசுவலை, சூடு ஆறாத தெர்மாஸ் பிளாஸ்க் என்று சீமையிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். பெட்டிகளின் மேலிருக்கும் இங்கிலீஷ் எழுத்தைப் படிக்கத் தெரியும் என்பதற்காகத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார். ஆனால் சிவகங்கைப் பக்கத்து வேட்டைக்காரக் குடும்பம் என்று நான் எப்போதோ வாய்தவறிச் சொன்னதை அவர் விடவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம கருப்பையா பிறவி ஷிகாரி, அவனைக் கேளுங்கள்," என்று என்னைத் தள்ளிவிடுவார். நானும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, துப்பாக்கியை ஒருமுறை தோளில் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையசைப்பேன். அதற்கே பாதி வியாபாரம் முடிந்துவிடும்.

உண்மையில் எங்கள் குடும்பத்திலேயே உருப்படாத வேட்டைக்காரன் நான்தான். என் அண்ணன் பெரியசாமி வளரி எறிந்தால், அந்த வளைந்த கட்டை தரையை ஒட்டிச் சுழன்றுபோய் ஓடுகிற மானின் காலைத் தட்டிவிடும். நான் எறிந்தது ஒருமுறை சித்தப்பாவின் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு போய் இலந்தை மரத்தில் மாட்டியது. அதோடு என் கையிலிருந்து வளரியைப் பிடுங்கிவிட்டார்கள். "நீ வலைகிட்ட குத்த வைடா, அது போதும்," என்றார் அண்ணன். வலைகிட்ட குத்தவைப்பவனுக்கு மான் தெரியாது. புதருக்குப் பின்னால் தலையைத் தாழ்த்தி, மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்க வேண்டும். எட்டிப் பார்த்தால் மான் திரும்பிவிடும். ஆகவே பறவைகளைப் பார்ப்பேன். தவிட்டுக்குருவி எந்தப் பக்கம் கத்துகிறது, உண்ணிக்கொக்கு எப்போது எழும்புகிறது என்று பார்த்தே, மான் வருகிறதா, மனுஷன் வருகிறானா என்று சொல்லிவிடுவேன். அதை யாரும் ஒரு வித்தையாக மதிக்கவில்லை. நானும் மதிக்கவில்லை. கப்பலேறும்போது அதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு மார்கழியில் வக்கீல் சபாபதி கடைக்கு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ரங்கூன் கோர்ட்டில் நல்ல பெயர். கிளப்பில் வெள்ளைக்காரர்கள் பேசும் வேட்டைக்கதைகளைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் ஆசை வந்துவிட்டது. முதலாளி உள்ளேயிருந்து புதிதாக வந்த ரைபிளை எடுத்துவந்தார். அதன் முதுகில் பித்தளை வளையங்களில் ஒரு தொலைநோக்கி பூட்டியிருந்தது. வக்கீல் அதைக் கண்ணில் வைத்துச் சூலே பகோடாவைப் பார்த்தார். உச்சியில் உட்கார்ந்திருந்த காக்கையின் மூக்கு தெரிகிறது என்று குழந்தைபோலக் கத்தினார். காட்டில் ஒருமுறை சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். "தாராளமாக! ஷிகாரியும் கூட வருவான்," என்றார் முதலாளி. இந்த வியாபாரம் கெட்டால் என் நாற்காலியும் போகும் என்பது அவர் பார்வையிலேயே தெரிந்தது.

சனிக்கிழமை பிற்பகல் ஆற்றைக் கடந்து டாலாவில் இறங்கினோம். வக்கீல் தலைமுதல் கால்வரை புதுக்காக்கி. நடந்தால் பூட்ஸ் கிறீச்சிட்டது. பக்கத்தில் போனால் அத்தர் வாசம். எங்களுக்கு வழிகாட்ட ஏற்பாடாகியிருந்தவர் கோ ஆங். நாற்பது வயதிருக்கும். மாட்டுவண்டியும், தோளில் ஒரு பழுப்புப் போர்வையும் தவிர அவரிடம் ஒன்றுமில்லை. வக்கீலைச் சுற்றிவந்து முகர்ந்து பார்த்தார். பிறகு என்னிடம், "இவருக்குக் கல்யாணமா?" என்று கேட்டார். அவர் என்ன கேட்கிறார் என்று வக்கீல் விசாரித்தார். உடுப்பு நன்றாக இருக்கிறதாம் என்று சொல்லிவைத்தேன். வயல்களைத் தாண்டி வெகுதூரம் தெற்கே, அவர் வீட்டில் தங்கினோம்.

விடிந்ததும் புல்வெளிக்குப் போனோம். இடுப்பளவு புல், அங்கங்கே கறையான் புற்று, எங்கோ ஒற்றை மரம். கோ ஆங் தன் முறையைச் சொன்னார். தமின், மாட்டுவண்டிக்குப் பயப்படாது. நாள்தோறும் பார்க்கிற சாமான். வண்டியிலேயே பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வண்டி சுற்றிச் சுற்றி வட்டத்தைக் குறுக்கிக்கொண்டே போகும். முப்பது கஜத்தில், சக்கரத்தின் மறைவில் இறங்கிக்கொள்ளலாம். வக்கீல் இதைக் கேட்டுச் சிரித்தார். "வண்டியில உருண்டு போறதுக்கா இந்த டெலஸ்கோப்? நானூறு கஜத்துலேர்ந்தே அடிக்கிறேன்னு சொல்லுங்க." நான் சொன்னேன். கோ ஆங் தோளைக் குலுக்கினார்.

தூரத்தில் ஆறேழு மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. வக்கீல் ஒரு புற்றின்மேல் துப்பாக்கியைச் சாய்த்துப் படுத்தார். அவர் மூடியைத் திறந்து, வளையத்தைத் திருகி, கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் காற்று மாறியது. அத்தர் வாசம் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. மான்கள் தலைதூக்கின, அடுத்த நிமிஷம் உயரமான புல்லுக்குள் மறைந்தன. கோ ஆங் சலித்துக்கொள்ளவில்லை. எந்தப் பக்கம் போய் நின்றிருக்கின்றன என்று பார்த்துவர, போர்வையைப் போர்த்துக்கொண்டு குனிந்து கிளம்பினார். கிளம்புமுன் என்னிடம், "பியான் லா மா பிச்," என்றார். திரும்பி வந்தபிறகு சுடு. நான் அப்படியே வக்கீலிடம், "திரும்பி வந்ததும் சுடச் சொல்றார்," என்றேன்.

எது திரும்பி வந்ததும்? அவர்கள் மொழியிலும் நம்மைப் போலவே எழுவாயை விழுங்கிவிடுவார்கள். மான்களை அவர் திருப்பிவிடப் போகிறார், அவை வந்ததும் சுட வேண்டும் என்று வக்கீல் எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். நான் திரும்பி வரும்வரை சுடாதே என்பதுதான் அவர் சொன்னது. நல்ல வெயில், நல்ல காற்று. வக்கீல் பிளாஸ்கிலிருந்து ஆவி பறக்கும் தேநீரை ஊற்றிக் குடித்தார். எனக்கும் மூடியில் ஊற்றிக் கொடுத்தார். இவ்வளவு சுகமாக ஒரு வேட்டையா என்று நான் நினைத்தேன்.

"வந்துடுச்சு," என்றார் வக்கீல் மெதுவாக. குறுக்கே இருநூறு கஜத்தில், புல்லுக்கு மேலே ஒரு பழுப்பு முதுகு அசைந்தது. அவர் கன்னத்தைத் துப்பாக்கியில் பதித்தார். என்னிடம் கண்ணாடி இல்லாததால், எனக்கு அந்த முதுகோடு சேர்த்து அதைச் சுற்றியிருந்ததும் தெரிந்தது. அங்கே மேய்ந்துகொண்டிருந்த உண்ணிக்கொக்குகள் சட்டென்று மொத்தமாக எழும்பி, எட்டிப் போய் உட்கார்ந்தன. மானுக்குக் கொக்கு எழும்பாது. மானின் காலுக்கடியில்தான் அது பூச்சி பொறுக்கும்.

"சுடாதீங்க, ஐயா. அது மான் இல்ல."

"தெளிவாத் தெரியுது, ஓய். ரோமம்கூடத் தெரியுது."

"கொக்கு எழும்புது, ஐயா!"

"கொக்கா? யாருக்கு வேணும் கொக்கு?"

அவர் விரல் வளைவதைப் பார்த்தேன். மேலே பேச நேரமில்லை. பாய்ந்து குழலை மேலே தட்டினேன். வெடித்தது. குண்டு ஆகாயத்துக்குப் போனது. தொலைநோக்கியின் பித்தளை விளிம்பு பின்னால் உதைத்து வக்கீலின் புருவத்தைக் கிழித்தது. கொக்குகள், மைனாக்கள், எங்கிருந்தோ இரண்டு நாரைகள், எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. அவற்றுக்குக் கீழே, புல்லுக்குள்ளிருந்து, தோளில் போர்வையோடு கோ ஆங் எழுந்து நின்றார்.

வக்கீல் ரத்தத்தைத் துடைக்கவும் மறந்து துப்பாக்கியைத் தரையில் வைத்தார்; பிறகு புற்றின் அந்தப் பக்கம் போய் வாந்தி எடுத்தார். கோ ஆங் நிதானமாக நடந்து வந்தார். என்னைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார், தன் போர்வையைப் பார்த்தார். உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைக்க முயன்றார். மூன்று தீக்குச்சிகள் அணைந்தன. நான் பற்றவைத்துக் கொடுத்தேன். அதற்கும் இரண்டு குச்சி செலவாயிற்று. என் அரைகுறை பர்மியத்தில், அவர் சொன்னதை நான்தான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். எதைப் பார்த்துத் தடுத்தாய் என்று கேட்டார். கொக்கு என்பதற்குச் சொல் தெரியாமல், ஒற்றைக் காலில் நின்று, கழுத்தை நீட்டி, கைகளை அடித்துக் காட்டினேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு சுருட்டு விழுகிற மாதிரி சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"நீ சுடவே கற்றுக்கொள்ளாதே," என்றார். "பார்த்துக்கொண்டே இரு."

இதோடு திரும்பிவிடுவோம் என்று நினைத்தேன். கோ ஆங் விடவில்லை. வக்கீலை வண்டியில் ஏற்றி, புருவத்தில் ஏதோ பச்சிலையை அரைத்து அப்பி, பூட்ஸைக் கழற்றச் சொன்னார். வண்டி ஆடி ஆடி வட்டம் போட்டது. மாடுகள் மணியாட்டிக்கொண்டு நடந்தன. தமின்கள் எங்களைப் பார்த்தும் பார்க்காததுபோல மேய்ந்தன. முப்பது கஜம். கொம்பின் வளைவில் ஒட்டியிருந்த காய்ந்த புல்கூட, வெறும் கண்ணுக்கே தெரிந்தது. கோ ஆங் கண்ணைக் காட்டினார். வக்கீல் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, துப்பாக்கியை அவரிடமே நீட்டினார். கோ ஆங் சக்கரத்தின் பின்னால் இறங்கினார். தொலைநோக்கி முகத்தில் இடிக்காமல் கழுத்தை ஒருமாதிரி சாய்த்துக்கொண்டு, ஒரே ஒருமுறை சுட்டார். மான் சாய்ந்தது.

பழைய முறை ஜெயித்தது, புதிய சாமான் தோற்றது என்று இதை முடித்துவிட எனக்கு ஆசைதான். ஆனால் கோ ஆங் அந்த ரைபிளைத் தடவித் தடவிப் பார்த்தார். அருமையான துப்பாக்கி, அந்தக் கண்ணாடிதான் வேண்டாத தலைச்சுமை என்றார். வக்கீல் என்ன வேண்டுமென்று கேட்கச் சொன்னபோது, அவர் கை காட்டியது தெர்மாஸ் பிளாஸ்க்கை. காலையில் ஊற்றியது மத்தியானமும் சுடுகிறதே என்று நாள் முழுக்க அவர் அதிசயப்பட்டிருக்கிறார். வக்கீல் அதை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை முதலாளியிடம் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். வாடிக்கைக்காரர் துப்பாக்கியைத் தட்டினாயா என்று அவர் எழுந்தபோது, நெற்றியில் பிளாஸ்திரியோடு வக்கீல் உள்ளே வந்தார். ரைபிள் வேண்டும், தொலைநோக்கி வேண்டாம், இந்த ஆளை அனுப்பிவிடாதீர்கள் என்றார். கோர்ட்டில் அந்தத் தழும்புக்குக் கலைமான் கொம்பு காரணமாகிவிட்டது. மான் சீறி வந்ததையும் அவர் ஒதுங்கியதையும் இரண்டு முறை என் முன்னாலேயே சொன்னார். இரண்டு முறையும் நான் கடுமையாகத் தலையசைத்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கோ ஆங் வீட்டுக்குப் போய்வருகிறேன். என் பெயர் அங்கே, நம் அண்ணன் போன்ற 'கோ'வும் சேர்ந்து, "கோ காபயா" ஆகிவிட்டது. சுடுவதில்லை, வண்டியில் உட்கார்ந்து பறவைகளைப் பார்ப்பேன், அவர் சொல்லச் சொல்ல அவற்றின் பெயர்களைக் கற்றுக்கொள்வேன்.

போன வருஷம் ஐந்தாறு வருஷத்துக்குப் பிறகு ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டிறங்கி, ரங்கூன் கைலியும் ரங்கூன் செருப்புமாக ஊர் எல்லையை மிதித்ததும் நாய்கள் சூழ்ந்துகொண்டன. எனக்குத் தெரிந்த நாய் ஒன்றும் அதில் இல்லை. அண்ணன் ஓடிவந்து, "ஏய், நம்ம கருப்பையா! போங்க அங்கிட்டு!" என்று அதட்டினார். அவர் என் தோளில் கைபோட்டு வீடுவரை கூட்டிப்போனார். நாய்களும் வீடுவரை குரைத்துக்கொண்டே வந்தன. கிளம்பும்போது மதினி ஒரு புது வேட்டி கொடுத்தாள்.

ரங்கூனில் கப்பலிறங்கிய அடுத்த ஞாயிறு, அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு டாலாவுக்குப் போனேன். கோ ஆங் ஊர் நாய்கள் எனக்குப் பழக்கம்தான். ஆனாலும் வெள்ளை வேட்டி காற்றில் படபடத்ததைப் பார்த்து அத்தனையும் பாய்ந்து வந்தன. கோ ஆங் ஏணிப்படியின் உச்சியில் நின்று, "டோ லூ பே! நம்ம ஆள்தான்!" என்று கத்தினார். குரைப்பு நின்றது. ஒன்றுமட்டும் கிட்டே வந்து, வேட்டி நுனியை முகர்ந்து, தலையைச் சாய்த்து என் முகத்தைப் பார்த்தது. பானைத் தண்ணீரை மொண்டு நான் கால் கழுவி, படியேறி மேலே போகும்வரை, அது அடிப்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.