கேணலுக்கு மேலே பேராயர்

பேராயர் என்பவர் இராணுவக் கேணலுக்கும் மேலதிகாரி என்றுதான் சிறுவயதில் நம்பியிருந்தேன். இன்று, புலம்பெயர்ந்து வாழும் லூயிஷாமில், தேவாலயத்தில் ஒரு பேராயரின் ஊதா அங்கி பூச்சியுருண்டை வாசத்தோடு என்னைக் கடந்துபோனது. என் ஐம்பது வயது முழங்கால்கள் என்னைக் கேட்காமலே ஆடத் தொடங்கின.

"ஏனப்பா நடுங்குறீங்கள்? அவர் டென்டிஸ்ட் இல்லை!" என்றாள் மகள்.

அன்று யாழ்ப்பாணத்திலும் இதே வாசம்தான். இராணுவம் அண்ணையைப் பிடித்துப்போய் மூன்று நாள். எங்கள் ஊரில் உதவிக் குருவாகத் தொடங்கி, படிப்படியாக உயர்ந்து பேராயரானவர், அவனை மீட்க அங்கியோடு முகாமுக்குப் புறப்பட்டார்.

"அழாதேங்கோ அம்மா, இவர் ஓடர் போட்டால் கேணல் உடனே விட்டிடுவான்," என்று நான் தைரியம் சொன்னேன்.

முகாம் வாசலில் நின்ற சிப்பாய் பேராயரை மாலைவரை வெயிலில் நிறுத்திவைத்தான். அவர் தனியாகத் திரும்பினார். அண்ணை வரவேயில்லை.