மரியாதைக்கு எழும்பினவர்

சுனாமிக்குப் பிறகு கல்முனையில் கட்டிய தொடர்மாடியில், கீழ்த்தளம் நடக்க இயலாதவர்களுக்கு என்று முடிவானது. விண்ணப்பித்தவர்களை முகாமில் நேரில் பார்த்து உறுதிசெய்வது என் வேலை.

ஹனீபா காக்கா தனக்குக் கால்கள் இயங்காது என்று எழுதியிருந்தார். நான் கொட்டிலுக்குள் நுழைந்ததும் கம்பைப் பிடித்து எழும்பி நின்றார். "வாங்க மிஸ், இரிங்க" என்றார். நான் போகும்வரை அவர் உட்காரவில்லை. பொய் சொல்லியிருக்கிறாரே என்று கோபம் வந்தது. 'தானாக நிற்கிறார்' என்று எழுதினேன். அவருக்கு மூன்றாம் மாடி கிடைத்தது.

அதன்பின் அவரை ஜன்னலில்தான் கண்டேன். எல்லோரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் நேரத்திலும் அங்கேயே இருப்பார். என்னைக் கண்டால் கையை உயர்த்துவார். இரண்டு வருடம் கழித்து இறந்தவர்களைச் சுமக்கும் சந்தூக்கில் அவரை வைத்து, அந்த ஒடுக்கமான படிகளில் நாலு பேர் தடுமாறி இறக்கினார்கள்.

கணவர் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தாவிலிருந்த அவருடைய மனைவியைப் பார்க்கப் போனேன். "அவருக்குக் கால் ஏலாதுதான் மிஸ். உங்களக் கண்டு மரியாதைக்கு எழும்பினவர். நீங்க போன கையோட விழுந்திட்டார்" என்றார்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், "எழும்பாதீங்க" என்று வாசலிலேயே சொல்லிவிட்டு நான் முதலில் பாயில் உட்கார்ந்துவிடுகிறேன். அப்படியும் சிலர் சுவரைப் பிடித்து எழும்பப் பார்க்கிறார்கள்.